ஆறுதலாக ஏறுவது

அந்தத் தாள் இன்னும் என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. ஒரே ஒரு பக்கம், நேபாளத்தில் எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடந்து போவதற்கான எங்கள் திட்டம். இடப்பக்கம் நாள், நடுவில் ஊர், வலப்பக்கம் அந்த ஊரின் உயரம் மீற்றரில். வங்கியில் வேலை செய்யும் நண்பன் எக்செல்லில் போட்டு அச்செடுத்துத் தந்தது. முதல் நாள் லுக்லாவில் விமானம் இறங்கி பாக்டிங் வரை, 2,610. இரண்டாம் நாள் நாம்சே பஜார், 3,440. மூன்றாம் நாள் தெங்போச்சே, 3,860. நான்காம் நாள் டிங்போச்சே, 4,410. ஐந்தாம் நாள் லோபுச்சே, 4,940. ஆறாம் நாள் கோரக்செப், 5,164. அன்றைக்கே எவரெஸ்ட் அடிவார முகாமுக்குப் போய்த் திரும்பல், 5,364. பிறகு மூன்று நாள் இறக்கம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. "ஒரு நாள்கூட வீணில்லை" என்றான். நானும் அதைத்தான் நினைத்தேன். பிறகு அந்த 'வீண்' என்ற சொல் என்னை விடவில்லை.

நாங்கள் மூன்று பேர். ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், ஒரே கடலில் நீந்தப் பழகியவர்கள். நாற்பது தாண்டிய பிறகு, இனியும் விட்டால் எப்போது என்று தொடங்கியதுதான் இது. சித்திரை வருடப் பிறப்பு விடுமுறையை ஒட்டி லீவு போட்டால், சனி ஞாயிறும் சேர்த்துப் பன்னிரண்டு நாள் கிடைக்கும். அந்த மலைப் பக்கத்துக்கு ஏப்ரல், மே நல்ல மாதங்கள். ஒக்டோபர், நவம்பரும் அப்படியே. ஆனால் உச்சிக்கு ஏறுகிறவர்களின் கூடாரங்கள் நிறைந்து முகாம் முகாமாக இருப்பது ஏப்ரல், மேயில்தான். கடவுச்சீட்டில் எங்களுக்கு ஒரு நன்மை உண்டு: இலங்கை போன்ற தெற்காசிய (சார்க்) நாட்டவருக்கு நேபாளம் ஆண்டுக்கு ஒரு தடவை 30 நாள் விசாவைக் கட்டணமில்லாமல் தருகிறது. எவரெஸ்ட் இருக்கும் சாகர்மாதா தேசியப் பூங்காவுக்குள் நுழையவும் மற்ற வெளிநாட்டவர் கட்டுவதில் பாதிதான். சரி, காசுக் கணக்கு ஒருமாதிரி ஒத்து வந்தது. நாள் கணக்குத்தான் இடித்தது.

வழமையான திட்டத்தில் நாம்சேயில் ஓர் இரவும் டிங்போச்சேயில் ஓர் இரவும் கூடுதலாகத் தங்குவார்கள். 'ஓய்வு நாள்' என்று போட்டிருக்கும். "ரெண்டு நாள் சும்மா இருக்கவோ மச்சான் இவ்வளவு காசைக் கொட்டிப் போறம்?" என்று நண்பன் கேட்டான். லுக்லா விமானம் முகில் வந்தால் நின்றுவிடும், அதற்கு ஒரு நாளைக் கைவசம் வைத்தே ஆக வேண்டும். ஆகவே அந்த நாளைத் தொடாமல் மற்ற இரண்டையும் வெட்டினான். நான் தலையாட்டினேன். அந்த இரண்டு நாள் எதற்காக என்று அப்போதே எனக்குத் தெரியும். வாசித்திருந்தேன். தெரிந்துகொண்டே தலையாட்டியதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைக்கிறது.

கடல்மட்டத்து ஆட்கள்

தை மாதத்திலிருந்தே நடக்கத் தொடங்கியிருந்தோம். விடிய ஐந்து மணிக்குத் திருகோணமலைக் கோட்டை வாசலால் நுழைந்து, வேப்பமரங்களுக்குக் கீழே மான்கள் படுத்துக் கிடக்கும் வழியால் கோணேசர் கோயிலடி வரை ஏறுவது, இறங்குவது, திரும்ப ஏறுவது. முதுகுப்பையில் தண்ணீர்ப் போத்தல்கள், ஒவ்வொரு வாரமும் ஒரு போத்தல் கூட. புதுச் சப்பாத்து காலைக் கடித்துப் பழக வேண்டும் என்பதால் அதையே போட்டுக்கொண்டு ஏறினோம். கடைசிச் சுற்றில் அதைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய்க் கும்பிட்டு வருவோம். ஞாயிற்றுக்கிழமைகளில் உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரை கடற்கரை மணலில் நடை. மணலில் ஒரு மணித்தியாலம் நடந்தால் தார் ரோட்டில் இரண்டு மணித்தியாலம் நடந்த மாதிரிக் கால் சொல்லும். நெஞ்சு பழகியது, தொடை இறுகியது. எல்லாம் நல்லதுதான். ஆனால் கோணமலை உச்சியில் நின்று கீழே பார்த்தால் தெரிவது கடல். நாங்கள் பிறந்ததும் வளர்ந்ததும் மூச்சு விட்டதும் பூச்சிய மீற்றரில்.

இலங்கையிலேயே ஆக உயரமான இடம் பிதுருதலாகலை, 2,524 மீற்றர். லுக்லா விமான ஓடுபாதை அதைவிட முந்நூறு மீற்றருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. அதாவது, விமானப் படியிலிருந்து கால் வைக்கும் நிமிடமே இந்த நாட்டில் எந்த மனிதனும் நின்றிராத உயரத்தில் நிற்போம். தை மாதக் கடைசியில் மூவரும் சிவனொளிபாத மலை போய் வந்தோம். ஒரே இரவில் ஏறி, விடிய சூரியனைப் பார்த்து இறங்கினோம். ஒருவருக்கும் தலையிடிகூட இல்லை. நண்பனுக்கு அது பெரிய தைரியத்தைக் கொடுத்தது. ஆனால் சிவனொளிபாதம் 2,243 மீற்றர். எங்கள் தாளில் முதல் இரவு படுக்கப் போகும் பாக்டிங்கே அதைவிட உயரம். அந்த மலையில் வெற்றிகரமாக ஏறியது எங்கள் காலைப் பற்றிச் சொன்னது. காற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

காற்றில் ஒட்சிசனின் பங்கு கடற்கரையிலும் எவரெஸ்டிலும் ஒன்றுதான், 21 வீதம். குறைவது அமுக்கம். அடிவார முகாமில் கடல்மட்டத்தின் ஏறத்தாழப் பாதி. ஒரு மூச்சில் இங்கே கிடைப்பதில் பாதி ஒட்சிசன்தான் அங்கே கிடைக்கும். உடம்பு உடனே செய்வது வேகமாக, ஆழமாக மூச்சு வாங்குவது. அப்படி வாங்கும்போது காபனீரொட்சைட்டு கூடுதலாக வெளியேறி இரத்தத்தின் காரத்தன்மை ஏறும். உடனே மூளை 'போதும், மூச்சைக் குறை' என்று இழுத்துப் பிடிக்கும். நித்திரையில் மூச்சு நின்று நின்று வருவது இதனால்தான். சிறுநீரகம் அந்தக் காரத்தை மெல்ல மெல்ல வெளியேற்றிச் சமப்படுத்தினால்தான் மூளை பிடியை விடும். சிறுநீரகத்துக்கு அதற்கு நாட்கள் வேண்டும். சிவப்பணு கூடுவதற்கு வாரங்கள் வேண்டும். 3,000 மீற்றருக்கு மேலே, படுக்கும் இடத்தை ஓர் இரவுக்கு 500 மீற்றருக்கு மேல் உயர்த்தாதே, மூன்று நான்கு நாளுக்கு ஒரு தடவை ஒரே இடத்தில் இரண்டு இரவு படு என்று மலை மருத்துவர்கள் சொல்வது இந்தக் கணக்கில்தான். 'ஓய்வு நாள்' என்பது காலுக்குக் கொடுக்கும் ஓய்வு என்று நினைத்ததில்தான் பிழை. அன்றைக்குச் சும்மாவும் இருக்க மாட்டார்கள். நாம்சேயிலிருந்து 3,880 மீற்றர் வரை ஏறி, மலைகளைப் பார்த்துவிட்டு, திரும்ப நாம்சேக்கு இறங்கிப் படுப்பார்கள். உடம்புக்கு உயரத்தைக் காட்டிவிட்டுக் கீழே கொண்டுவந்து படுக்க வைப்பது.

இதையெல்லாம் நண்பனுக்கும் அனுப்பியிருந்தேன். அவன் வாசித்துவிட்டு, "நாங்கள் ஃபிட் மச்சான்" என்று பதில் போட்டான். உடற்பயிற்சிக்கும் உயரத்தால் வரும் இந்த வருத்தத்துக்கும் சம்பந்தமில்லை. பலசாலிக்குத்தான் இன்னும் ஆபத்து, அவனால் வேகமாக ஏற முடிகிறதே.

பதினைந்து பாகம்

ஒரு ஞாயிறு காலை, நடை முடிந்து வரும் வழியில் நானும் அவனும் திருக்கடலூரில் என் மாமா வீட்டுக்குப் போனோம். மாமா சுழியோடி. சண்டை முடிந்து கடல் திறந்த பிறகு இந்தக் கரையில் எத்தனையோ பேர் சிலிண்டர் கட்டிக்கொண்டு சங்குக்கும் கடலட்டைக்கும் இறங்கினார்கள், அவரும் இறங்கினார். இப்போது இறங்குவதில்லை. விறாந்தையில் தூணோடு சாய்ந்திருந்து வலை பொத்துவார். பொல்லு பக்கத்தில் கிடக்கும். அவர் கால் இழுத்து நடப்பதை நாங்கள் இருவரும் எத்தனையோ வருடமாகப் பார்த்திருக்கிறோம். 'கடலில நடந்தது' என்பதோடு எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு நின்றுவிடும்.

மாமி பிளேன்ரீ கொண்டு வந்தா. நண்பன் பெருமையோடு தாளை எடுத்து மாமாவிடம் நீட்டினான். மாமா ஊசியை வலையில் குத்திவிட்டு வாங்கிப் பார்த்தார். அவருக்கு விரல் நுனியில் உணர்ச்சி குறைவு, தாளைப் பிடிப்பதே கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும். வலப்பக்க எண்களின் மேல் விரலை வைத்து மேலிருந்து கீழே கொண்டுபோனார்.

"இது என்ன, ஆழமோ?"

"இல்லை மாமா, உயரம்."

"பாகத்தில சொல்லு."

பாகம் என்பது கடலில் ஆழம் சொல்லும் அளவு, ஒன்று ஏறத்தாழ 1.8 மீற்றர். போனில் கணக்குப் பார்த்தேன். அடிவார முகாம் 2,900 பாகத்துக்குக் கொஞ்சம் மேலே. அவர் ஒன்றும் சொல்லாமல் திரும்பவும் முதல் வரியிலிருந்து விரலை நகர்த்தினார். கடைசி எண்ணில் விரல் நின்றது.

"ஒவ்வொரு நாளும் மேலதான் போறியள். எங்க நிக்கிறியள்?"

நண்பன் என்னைப் பார்த்தான். "நிக்கேல்ல மாமா. லீவு காணாது. அந்த ரெண்டு நாளையும் எடுத்துப்போட்டம்" என்றேன். தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டு மாமா பேசத் தொடங்கினார். அந்தக் கதையை முழுதாக நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

அன்று நாலாவது சிலிண்டர். எங்கள் ஆட்கள் அதை ஒட்சிசன் என்று சொன்னாலும் உள்ளே இருப்பது அமுக்கி அடைத்த சாதாரணக் காற்று. பதினைந்து பாகம் ஆழம். அட்டை நல்லாய்க் கிடந்த இடம், பை பாதி நிறைந்திருந்தது. காற்று இறுகத் தொடங்கியது தெரிந்தும் இன்னும் இரண்டைப் பொறுக்கினார். பிறகு ஒரு மூச்சு இழுத்தார், வரவில்லை. பயத்தில் காலை உதைத்து ஒரே வீச்சாக மேலே வந்தார். படகில் ஏறி உட்கார்ந்தபோது ஒன்றுமில்லை. அட்டையைக்கூட எண்ணினாராம். கொஞ்ச நேரத்தில் தோள்மூட்டு வலித்தது. கரைக்கு வரும்போது எழும்பப் பார்த்தார். "கால் இருக்கிறது தெரியுது, ஆனா என்ர கால் இல்லை மாதிரி." வாயுப் பிடிப்பு என்று எல்லோரும் சொல்லி எண்ணெய் போட்டு உருவினார்கள். பிளேன்ரீ கொடுத்துப் படுக்கவைத்தார்கள். அடுத்த நாள் பின்னேரம்தான், காற்றமுக்கத்தைக் கூட்டி வைத்தியம் செய்யும் அமுக்க அறைக்குள் கொண்டுபோனார்கள். ஒரு வாரம் தினமும் அதற்குள் கிடந்ததில் எழும்பி நடக்கிற அளவுக்கு வந்தது. முழுதாக வரவில்லை.

பத்து மீற்றர் தண்ணீர் ஒரு வளிமண்டல அமுக்கத்தைக் கூட்டும். பதினைந்து பாகத்தில், அதாவது 27 மீற்றரளவில், மேலே இருப்பதைவிட மூன்றரை மடங்குக்கு மேல். அந்த அமுக்கத்தில் சுவாசிக்கும்போது நைதரசன் இரத்தத்திலும் சதையிலும் கரைந்துகொண்டே போகும். மெல்ல வந்தால் அது நுரையீரல் வழியாக வந்த வழியே போய்விடும். ஒரே வீச்சில் வந்தால் உள்ளேயே குமிழாகும். அதனால்தான் நிமிடத்துக்கு ஒன்பது பத்து மீற்றருக்கு மேல் எழும்பாதே, ஐந்து மீற்றரில் மூன்று நிமிடம் நில் என்று சுழியோடப் பழக்கும் இடங்களில் சொல்லிக் கொடுக்கிறார்கள். மாமாவுக்கு அப்படிப் பழக்கின ஆள் யாரும் இல்லை.

மலையில் நடப்பது வேறு. அங்கே குமிழ் இல்லை, ஒட்சிசன் பஞ்சம்தான். அதை மாமாவுக்குச் சொன்னேன். நுரையீரலுக்குள் நீர் கோத்தால் சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கும், சளி நுரையாக வரும், மூளை வீங்கினால் நடை தள்ளாடும், இரண்டுக்கும் நம்பக்கூடிய மருந்து கீழே இறங்குவது ஒன்றுதான், இறங்க முடியாவிட்டால் ஆளைக் காற்றடைத்த நீளப் பைக்குள் படுக்கவைத்து, காலால் மிதித்துக் காற்றேற்றி, கீழே இறங்கிய மாதிரி அமுக்கத்தைக் கூட்டுவார்கள் என்று சொன்னேன். மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "பைக்குள்ளயோ? அதுக்குள்ளயும் காது அடைக்குமே?" அடைக்கும் என்றேன். "எச்சிலை முழுங்கிக்கொண்டே இருக்க வேணும்" என்று, அது எங்களுக்குத் தேவைப்படும் என்பது போலச் சொன்னார்.

நடை தள்ளாடுவதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று மாமி கேட்டா. நான் எழும்பி, விறாந்தைச் சீமெந்துத் தரையில் இருந்த நேர்க்கோட்டில் ஒரு குதியை மற்றக் கால்விரலோடு முட்டவைத்து நடந்து காட்டினேன். நேராக நடக்க முடியாதவரை உடனே இறக்க வேண்டும், இரவென்றாலும் இறக்க வேண்டும். நண்பனும் எழும்பி நடந்து பார்த்தான். சுலபம்தான், இருவரும் போய் வந்தோம். அப்போது மாமா தூணைப் பிடித்து எழும்பினார். பொல்லை எடுக்கவில்லை. வலக்குதியை இடது பெருவிரலோடு ஒட்டவைத்தார். அடுத்த காலைத் தூக்கி முன்னால் கொண்டுவர நேரமெடுத்தது, கொண்டுவந்து வைத்தார். மூன்றாவது அடியில் உடம்பு பக்கவாட்டில் போனது. மாமி ஓடி வருவதற்குள் நண்பன் அவரைத் தோளோடு தாங்கிப் பிடித்துவிட்டான். மாமா சிரிக்கவில்லை, வருந்தவுமில்லை. "இவ்வளவுதான் வருது" என்றார். பிறகு மெல்ல உட்கார்ந்து, தாளை நண்பனின் கையில் திருப்பிக் கொடுத்தார். "காரணம் வேறயா இருக்கலாம் தம்பி. நீங்கள் ஆறுதலாப் போங்கோ."

எங்கள் ஊரில் ஆறுதல் என்றால் அவசரமில்லாமை. தேறுதல் என்ற பொருளும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அந்த மலைப் பாதையில் வழிகாட்டிகள் ஓயாமல் சொல்லும் நேபாளிச் சொல் 'பிஸ்தாரை', மெல்ல என்று பொருள். அதை எத்தனையோ தடவை வாசித்திருந்தேன். மாமாவின் வாயால் தமிழில் கேட்டபோதுதான் அது எனக்கு உறைத்தது.

திரும்பும்போது நண்பன் மோட்டார்சைக்கிளில் ஒன்றும் பேசவில்லை. மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நிறுத்தினான். "அந்த ரெண்டு நாளையும் போடு" என்றான். "லீவை நான் பாக்கிறன்."

திருத்திய தாள்

லீவு லேசில் கிடைக்கவில்லை. ஆவணியில் எடுக்க வைத்திருந்த நாட்களை அவன் விட்டுக்கொடுத்து, சம்பளமில்லாமல் ஒன்றைச் சேர்த்து வாங்கினான். மூன்றாமவன் இடையில் இன்னொரு வழி சொன்னான்: அசெற்றசோலமைட் குளிசை இருக்கிறதே, அதைப் போட்டுக்கொண்டு பழைய தாளின்படியே போகலாமே என்று. அந்தக் குளிசை நல்ல குளிசைதான். சிறுநீரகம் நாட்கணக்கில் செய்யும் வேலையை அது விரைவுபடுத்துகிறது. விரல் கூசும், அடிக்கடி சிறுநீர் போகும், சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் தொடக்கூடாது. நாங்களும் வைத்தியரைக் கண்டு பேசி எடுத்துக்கொண்டு போகிறோம். ஆனால் அது உடம்புக்குக் கை கொடுக்கும் மருந்து. நாளுக்குப் பதிலாக விழுங்கும் மருந்து என்று அதை நினைக்கத் தொடங்கினால், வெட்டிய இரண்டு நாளும் வேறு பெயரில் திரும்ப வெட்டப்படும். அதில் நான் இந்தத் தடவை விட்டுக்கொடுக்கவில்லை.

விரலில் மாட்டும் ஒட்சிசன் மானி ஒன்றும் வாங்கியிருக்கிறோம். இங்கே என் விரலில் 98 காட்டுகிறது. கோரக்செப்பில் அது 80ஐ ஒட்டி நிற்பது வழமை. அந்த எண்ணைப் பார்த்துப் பயப்படவும் கூடாது, நல்ல எண்ணைப் பார்த்துத் தலையிடியை மறைக்கவும் கூடாது. தலையிடியை மறைப்பதுதான் எனக்கு உண்மையான பயம். இவ்வளவு காசு, இவ்வளவு நாள், ஊருக்கெல்லாம் சொல்லியாயிற்று என்ற நினைப்பில், காலையில் தலை பிளந்தாலும் 'ஒன்றுமில்லை' என்று சப்பாத்தைக் கட்டுகிற மனம் மூவருக்கும் இருக்கிறது. மாமா அந்தக் கடைசி இரண்டு அட்டையைப் பொறுக்கிய மனமும் அதுதான். ஆகவே புதிய தாளின் அடியில் மூவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்: எவனுக்குத் தலையிடியோடு சத்தி வருகிறதோ அன்று மூவரும் ஏறுவதில்லை, கூடினால் மூவரும் இறங்குவது, யாரும் யாரையும் பார்த்து 'உன்னால்தான்' என்று சொல்வதில்லை. முகாமிலிருந்து எவரெஸ்டின் உச்சி தெரியாது, அதைப் பார்க்கக் காலாபத்தர் ஏற வேண்டும். அது ஒன்பதாம் நாள் விடியற்காலை. அதுவரை போய்ச் சேர்ந்தால் போவோம்.

இந்தத் தீவிலிருந்து எவரெஸ்ட் உச்சியை முதலில் தொட்டவர் ஜயந்தி குரு உதும்பால, 2016 மே 21இல். அவருடன் அந்த முறை ஏறிய யொஹான் பீரிஸ் உச்சிக்குக் கிட்டப் போய்த் திரும்ப வேண்டி வந்தது. 2018இல் திரும்பவும் போய் உச்சியைத் தொட்டார். இரண்டு பேரையும் மதிக்கிறேன். ஆனால் நான் அடிக்கடி நினைப்பது 2016இல் அவர் திரும்பி நடந்த அந்த வழியைத்தான்.

போன வாரம் புதிய தாளை மாமாவிடம் கொண்டுபோனேன். இந்தத் தடவை விரலை ஓடவிடும்போது இரண்டு இடத்தில் ஒரே எண் அடுத்தடுத்து வந்தது, 3,440, 3,440. பிறகு 4,410, 4,410. இரண்டிலும் விரல் நின்று போனது. சுவரில் தொங்கும் நாட்காட்டியைக் கழற்றி வரச்சொல்லி, சித்திரை மாதத் தாள்களைப் புரட்டி, அந்த இரண்டு நாளிலும் பென்சிலால் சின்னதாய் ஒரு வட்டம் போட்டார். விரல் பிடிக்காமல் வட்டம் கொஞ்சம் கோணலாக வந்தது, அழித்துவிட்டுத் திரும்பப் போட்டார்.

"இந்த ரெண்டு நாளும் போன் எடு" என்றார். "மற்ற நாள் நடக்கிற நாள், சிக்னல் இல்லாட்டி இல்லை. இந்த ரெண்டு நாளும் நான் பாத்துக்கொண்டிருப்பன்."